தகட்டைச் செதுக்கிய சிற்பி



காஞ்சிபுரத்தின் மேற்கே உள்ள கைலாசநாதர் கோயிலை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். ஏனாத்தூரிலிருந்து நான் அங்கே செல்லும் போதெல்லாம் காலை இளவெயிலிலோ மாலைச் சாய்வெயிலிலோ தான் செல்வது வழக்கம். உச்சிப் பொழுதில் அங்கே செல்வது வீண். அங்குள்ள உருவங்களில் பெரும்பாலானவை சுவரை விட்டுத் தனியே விலகி நிற்பவை அல்ல. சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பங்கள். சிற்பி ஓரிடத்தில் ஒரு விரற்கடை ஆழம் தோண்டியிருப்பான். மற்றோரிடத்தில் நகத்தளவே சுரண்டியிருப்பான். நேர் வெயிலில் இந்த வேறுபாடு புலப்படாது. வெயில் சாயச் சாய, ஆழமான இடம் கறுத்து, மேடான இடம் ஒளிர்ந்து, கல்லுக்குள்ளிருந்து தேவர்களும் பூதகணங்களும் எழுந்து வெளியே வருவார்கள். சுவரிலே சாந்து பூசி வண்ணம் தீட்டிய காலமும் உண்டு. ஆனால் சாந்து உதிர்ந்து, வண்ணம் மறைந்து, பதின்மூன்று நூற்றாண்டு ஆன பின்னும் அந்தச் சுவரில் நிறபேதம் தெரிகிறதே, அதைத் தருவது ஆழம் ஒன்றுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்று உங்களிடம் பேச நான் எடுத்துக்கொண்ட மனிதர், ஆழத்தைக் கொண்டே வண்ணத்தை வரவழைக்கும் வித்தையை உலகுக்குக் கற்றுத் தந்தவர். கல்லில் அன்று, உலோகத் தகட்டில். அவர் பெயர் கிருஷ்ண ரெட்டி. சிற்பியாகத் தாயகத்தை விட்டுப் புறப்பட்டவர். அச்சோவியர் என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்றவர். நான் முப்பதாண்டுக்கு மேல் கற்பித்த பாடநூல்கள் எதிலும் அவர் பெயரைக் கண்டதில்லை.

‘ரெட்டி என்கிறீர்களே, அவர் ஆந்திரர் அல்லவா?’ என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். ஆம், தெலுங்கு பேசும் குடும்பத்தவர். 1925ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், சித்தூரை அடுத்த நந்தனூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அன்று சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்தும் சில பகுதிகளைச் சேர்த்து அமைத்த மாவட்டம் அது. 1953இல் தான் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. காஞ்சியிலிருந்து இராணிப்பேட்டை வழியாகச் சென்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சித்தூரை அடைந்து விடலாம். நம் பக்கத்து வீட்டுக்காரர் என்றே நான் அவரைக் கருதுகிறேன். அதைவிட முக்கியமான காரணமும் ஒன்று உண்டு. அவர் சிற்பத்தின் பக்கம் திரும்பியது சென்னையில். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இளமையில் அவர் பயின்றது மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளியில். தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளி அது. பரிசும் போட்டியும் அச்சமும் இன்றிக் கல்வி தர முடியுமா என்று சோதித்துப் பார்த்த இடம். கிருஷ்ணமூர்த்தியின் கருத்துகள் ரெட்டியின் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தன. 1940களின் தொடக்கத்தில் அவர் வங்கத்துச் சாந்திநிகேதனுக்குச் சென்றார். கவி தாகூர் 1941இல் மறைந்துவிட்டார். ஆனால் அவர் நட்ட மரங்களும் நியமித்த ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸ். பிற்காலத்தில் நமது அரசியல் சட்டத்தின் மூலப் படியை ஓவியங்களால் அணிசெய்தவர். சிற்பத்துக்கு ராம்கிங்கர் பெய்ஜ். வெண்கலம் வாங்கப் பணமில்லாத இடத்தில் சிமெண்டையும் செம்புறைக் கல்லையும் கலந்து 1938இல் ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தைத் திறந்த வெளியிலே நிறுத்தியவர். கலைக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டும் என்ற எண்ணத்தை அந்த ஒரு சிலையே உடைத்துப் போட்டது. மாணவர் ரெட்டி அங்கிருந்த ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம்; 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கான மக்களைக் கொன்ற பஞ்சம்.

படிப்பு முடிந்ததும் அவர் சென்னைக்கு வந்தார். 1947 முதல் 1949 வரை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் நடத்திய கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பகுதியின் தலைவர் பொறுப்பு. அதனோடு சென்னையில் இருந்த மாண்டிசோரி ஆசிரியப் பயிற்சி நிலையத்திலும் கற்பித்தார். அவருக்குச் சிற்பத்தில் உண்மையான நாட்டம் பிறந்தது இந்தப் பணிக்காலத்தில் தான் என்பர்.

என் போன்ற ஆசிரியனுக்கு இந்தச் செய்தி வெறும் ஒரு வரியாகக் கடந்து போகவில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டவர், மருத்துவர், குழந்தைக் கல்வியில் புதுவழி கண்டவர். 1939இல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி இருவரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டே இத்தாலி போரில் இறங்கியதால் அவர் பகைநாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். நாடு திரும்ப இயலாமல் போர் முடியும் வரை இங்கேயே தங்க நேர்ந்தது. சில திங்கள் என்று வந்தவர் பல ஆண்டுகள் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் இருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். போரின் தீமையில் விளைந்த நன்மை என்று இதைச் சொல்லலாம்.

அம்மையாரின் முறையில் எழுத்தைக் குழந்தைக்கு முதலில் காட்டுவது கண்ணுக்கு அன்று; விரலுக்கு. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டுவார்கள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலை ஓட்டும். சொரசொரப்பான இடம் எழுத்து. வழவழப்பான இடம் வெற்றிடம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நானும் அட்டையில் அகரமும் ஆகாரமும் ஒட்டி, விரல் நுனி எரிய எரியத் தேய்த்துப் பார்த்தவன். அப்படிப்பட்ட அட்டைகளுக்கு நடுவே, தொட்டு அறிவதே கல்வியின் தொடக்கம் என்று நாள்தோறும் பேசிய ஆசிரியர்களுக்கு நடுவே, இருபத்திரண்டு வயது ஓவியர் ஒருவர் இருந்தால் அவர் கை தூரிகையை விட்டு உளியைத் தேடுவதில் வியப்பென்ன? இது என் ஊகமே. ஆனால் அவர் பிற்காலத்தில் செய்த வேலைகளைப் பார்க்கும் போதெல்லாம் அந்த உப்புத்தாள் அட்டை என் நினைவில் வந்து நிற்கிறது.

1950ஐ ஒட்டிய காலத்தில் அவர் இலண்டனுக்குச் சென்று ஸ்லேடு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே சிற்பி ஹென்றி மூரின் வழிகாட்டுதல் கிடைத்தது. கல்லிலே துளையிட்டு, அந்தத் துளையையும் சிற்பத்தின் உறுப்பாக்கிய மேதை மூர். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்க இரயில் நிலையங்களில் இரவெல்லாம் படுத்துக் கிடந்ததை அவர் வரைந்த சித்திரங்கள் புகழ்பெற்றவை. அவற்றில் அவர் கையாண்ட ஓர் உத்தியை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மெழுகுக் கோலால் கோடு இழுப்பார். அதன்மேல் நீர்வண்ணத்தைப் பூசுவார். மெழுகு இருக்கும் இடத்தில் நீர் ஒட்டாது, விலகி ஓடும். ஒரு பொருள் மற்றொன்றை ஏற்க மறுப்பதையே சித்திரமாக்கும் வழி அது. இது பின்னால் பயன்படும்.

இலண்டனிலிருந்து பாரிஸ். அந்நகரில் அப்போது இருந்த பெருங்கலைஞர்களில் பலர் ரெட்டியைப் போலவே வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் சந்தித்த பிரான்குசி, ருமேனிய நாட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவருக்குச் சிற்பம் கற்பித்த ஒசிப் சாட்கின், ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். ஜெர்மானியக் குண்டுவீச்சில் 1940 மே மாதம் நகரின் நடுப்பகுதியையே இழந்த ராட்டர்டாம் நகருக்காக, நெஞ்சில் பெருந்துளையோடு வானை நோக்கிக் கையுயர்த்திக் கதறும் மனிதனைச் சாட்கின் வெண்கலத்தில் வடித்தார். அச்சிலை 1953இல் நிறுவப்பட்டது. நம் மாணவர் ஐரோப்பாவில் பயின்று வந்த ஆண்டுகள் அவை. பின்பு மிலான் நகரில், குதிரையும் வீரனுமாகவே வாழ்நாளெல்லாம் சிற்பம் செய்த மரீனோ மரீனியிடமும் 1957 வரை பயின்றார். சிற்பத்தைக் கற்க இவ்வளவு ஆசிரியர்களா என்று மலைக்க வேண்டாம். கல்தச்சன் குருகுலத்தில் பன்னிரண்டு ஆண்டு இருப்பதில்லையா?

இத்தனைக்கும் நடுவே பாரிஸில் அவர் புகுந்த ஓர் அச்சுக்கூடம் அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. அதற்கு ‘அத்தெலியே 17’ என்று பெயர். ‘அத்தெலியே’ என்றால் பிரெஞ்சு மொழியில் வேலைக்கூடம். 17 என்பது அது ஒரு காலத்தில் இருந்த வீட்டின் இலக்கம். 1927இல் அதைத் தொடங்கியவர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர். அவர் கல்லூரியில் படித்தது வேதியியலும் நிலவியலும்; இளமையில் வேலை பார்த்தது பாரசீகத்து எண்ணெய்க் கம்பெனியில். எண்ணெயின் இயல்பு அறிந்த ஒருவரே பிற்காலத்தில் மையின் இயல்பை ஆராயும் கூடத்துக்குத் தலைவரானது நல்ல பொருத்தம். அங்கே பிக்காசோ வந்து வேலை செய்திருக்கிறார். மீரோ, ஜியாக்கொமெத்தி, ஷகால் ஆகியோரும் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லை. நேற்றுச் சேர்ந்த மாணவனும் உலகப் புகழ் பெற்றவரும் அடுத்தடுத்த மேசைகளில் தகட்டைக் கீறுவார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தொழில் மருமத்தைத் தந்தை மகனுக்குக்கூட முழுவதும் சொல்லாமல் மறைத்து வைத்த மரபுகளை நாம் அறிவோம். அதற்கு நேர் எதிரான இடம் அது.

இனி அந்த வித்தையைச் சொல்கிறேன். சற்றே கவனமாகக் கேளுங்கள். பள்ளியில் படித்த அறிவியலுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ கூரிய உளியால் கோடு கீறுவார்கள். அல்லது அமிலத்தால் அரிக்கவிடுவார்கள். பள்ளங்களில் மையை அழுத்தித் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தியில் ஓட்டினால் பள்ளத்து மை தாளில் ஏறும். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளாக வழங்கிவரும் முறை இது. ஆனால் பல வண்ணம் வேண்டுமென்றால்? வண்ணத்துக்கு ஒரு தகடு செய்து, ஒரே தாளை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றி வைத்து அச்சிடுவது வழக்கம். தாள் மயிரிழை விலகினாலும் படம் கெட்டது. நம் ஊர்த் திருவிழாச் சுவரொட்டியில் சிவப்பு ஒரு பக்கம் நகர்ந்து, அம்மனுக்கு இரண்டு உதடு தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சங்கடம் தான். ஒரே தகட்டில், ஒரே அழுத்தலில் எல்லா வண்ணங்களும் வர வழி உண்டா என்பது அந்தக் கூடத்தாரை வாட்டிய வினா.

வழி சமையலறையில் இருப்பது போன்ற எளிய உண்மையில் கிடைத்தது. வெல்லப் பாகில் இளம்பாகும் உண்டு, கெட்டிப் பாகும் உண்டு. அச்சு மையும் அப்படியே. ஆளிவிதை எண்ணெயைக் கூட்டினால் மை இளகும். குறைத்தால் கெட்டியாகிப் பிசுபிசுக்கும். இந்தப் பாகுநிலை வேறுபாடு ஒரு விந்தையைச் செய்கிறது. எண்ணெய் மிகுந்த இளகிய மையை முதலில் தகட்டின் மேல் தடவி, அதன்மேல் கெட்டி மை பூசிய உருளையை ஓட்டினால், இளமை இருக்கும் இடத்தில் கெட்டி மை ஒட்டுவதில்லை, உருளையிலேயே தங்கிவிடுகிறது. இளமை இல்லாத இடத்தில் மட்டும் பதிகிறது. முறையை மாற்றிக் கெட்டி மையை முதலில் பூசினாலோ இரண்டும் கலந்து குழம்பிவிடும். மெழுகைக் கண்டு விலகி ஓடிய நீர்வண்ணம் நினைவிருக்கிறதா?

இனி இதோடு ஆழத்தைச் சேருங்கள். தகட்டை வெறுமனே கீறாமல், கைலாசநாதர் கோயிற் சுவரைப் போல மேடும் பள்ளமும் அதற்குள் பள்ளமுமாகப் பல மட்டங்களில் செதுக்கவேண்டும். அடிப் பள்ளத்தில் ஒரு மை. பிறகு கடினமான உருளையால் இளகிய மை. கடினமான உருளை பள்ளத்தில் இறங்காது, மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும். அதன்பின் மென்மையான உருளையால் கெட்டி மை. மென்மையான உருளை நெகிழ்ந்து இடைப்பட்ட பள்ளங்களிலும் இறங்கும், மேட்டில் உள்ள இளமையோ அதை ஏற்காது. ஆக, மூன்று ஆழத்துக்கு மூன்று வண்ணம், ஒரே தகடு, ஒரே அழுத்தல். எந்த இடம் எந்த வண்ணம் பெறும் என்பதைத் தூரிகை தீர்மானிப்பதில்லை. உளி இறங்கிய ஆழம் தீர்மானிக்கிறது.

இந்த முறை தனி ஒருவர் கண்டது அன்று. ஹேட்டரும், மும்பையில் பிறந்து பாரிஸில் குடியேறிய கைகோ மோதி என்பவரும், கிருஷ்ண ரெட்டியும் சேர்ந்து படிப்படியாக வளர்த்தது. கண்டுபிடிப்பு என்றாலே ஒரு பெயரை மட்டும் கேட்டு ஒரு மதிப்பெண் தரும் வினாத்தாள்களை நானும் எத்தனையோ தயாரித்தவன் தான்; இந்த வினாவுக்கு மூன்று பெயரையும் எழுதினால் தான் மதிப்பெண். ஆனால் மூவருள் இந்த முறையின் உள்ளுயிரை அறிந்தவர் ரெட்டியே என்பது என் கருத்து. காரணம், அவர் சிற்பி. ஓவியர் தகட்டைப் பார்க்கும்போது தாளில் வரப்போகும் படத்தை நினைப்பார். ரெட்டி தகட்டையே சிற்பமாக நினைத்தார். உளியாலும் சுரண்டியாலும் அமிலத்தாலும் பல காலம் உழைத்து அவர் உருவாக்கிய தகடுகள் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்கள். தாளில் விழுவது அந்தச் சிற்பத்தின் வண்ண நிழல். கல்லிலும் உலோகத்திலும் அவர் சிற்பங்கள் செய்ததுண்டு. எனினும் தம் சிற்பத் திறனின் சாரத்தை அவர் இந்தத் தகடுகளில் தான் இறக்கி வைத்தார்.

அவர் படங்களில் சிலவற்றின் பெயரைச் சொன்னால் அவர் உள்ளம் விளங்கும். 1952இல் ‘மீன்’, ‘பூச்சி’. 1963இல் ‘அலை’, ‘நீர்ச்சுழி’. நீர்ச்சுழியில் ஆழ்ந்த நீலத்தினூடே கோடுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுழன்று நடுவே பாய்கின்றன. ஆற்று மதகு திறந்த நாளில் சுழியைப் பார்த்து நின்ற சிறுவன் எவனுக்கும் அந்தப் படம் அந்நியமாக இராது. 1968இல் பாரிஸ் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய போது அவர் அந்நகரில் இருந்தார். அவ்வாண்டு ‘கிளர்ச்சியாளர்’ என்ற படம் பிறந்தது. 1975இல் ‘அப்பு தவழ்கிறாள்’. அப்பு அவர் மகள். பின்னர் 1980களில் ‘பெருங்கோமாளி’. ஒரே தகட்டில் அவர் மையின் வண்ணத்தையும் பாகுநிலையையும் வரிசையையும் மாற்றி மாற்றி அச்சிட்ட போது, ஒரே கோமாளி ஒரு படியில் களித்தான், மற்றொன்றில் இருண்டான். அச்சு என்றால் ஒன்றைப் போல் ஒன்று என்பதே பொருள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதுமையாக இருந்தது. ஒரே கீர்த்தனையை ஒரே வித்துவான் பாடினாலும் நாளுக்கு ஒரு விதமாக இருப்பதை அறிந்த நமக்கு இதில் அவ்வளவு வியப்பில்லை.

1960களின் நடுப்பகுதியில் அந்தப் பாரிஸ் கூடத்துக்கு அவர் ஹேட்டரோடு துணை இயக்குநரானார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவரிடம் தகட்டு வேலை கற்றார்கள். இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1976இல் நியூயார்க்கில் குடியேறினார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அச்சுக்கலைத் துறையை நடத்தினார். சொந்தமாகவும் ஒரு வண்ண அச்சுக்கூடம் அமைத்தார். 1988இல் தம் முறை முழுவதையும், பொருள்களின் இயல்பு முதல் உருளையின் கடினம் வரை, ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். இதை நான் அவருடைய பெரிய செயல்களில் ஒன்றாக மதிக்கிறேன். நாற்பதாண்டு உழைப்பில் கண்ட மருமத்தை மறைத்து வைத்திருந்தால் படங்களின் விலை உயர்ந்திருக்கும். அவர் ஆசிரியர், மறைக்கத் தெரியவில்லை.

அவர் ஏன் போனார், போனது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். கல்லூரி மாணவர்களிடம் பேசினால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. உங்கள் வீடுகளிலும் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற அண்ணன்மார் இருப்பார்கள். இங்கே இடமே இல்லாமல் அவர் துரத்தப்பட்டார் என்று சொல்வது பொய். சென்னையிலேயே 1850இல் தோன்றிய ஓவியக் கல்லூரி இருந்தது. அதன் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌதுரி வங்கத்திலிருந்து வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே தங்கிச் சிற்பம் வளர்த்தார். கடற்கரையில் இன்றும் நால்வர் பாறையைப் புரட்டிக்கொண்டு நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். வங்கத்துச் சிற்பி சென்னைக்கு வந்தார். சென்னை மாகாணத்துப் பிள்ளை வங்கத்துக்குப் போனார். இந்தப் போக்குவரத்தை நாம் இழப்பு என்று சொல்வதில்லை. கடல் கடந்தால் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பல மட்டத் தகடும், கடின உருளையும் மென்மை உருளையும், பக்கத்து மேசையில் தவறு செய்து பார்க்கும் தோழரும் ஒருசேர அமைந்த கூடம் அன்று பாரிஸில் இருந்தது, அவர் போனார். என் மனத்தை அறுப்பது அவர் போனது அன்று. இங்கே எஞ்சியிருந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்தோம் என்பதே.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்ததென்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. நான் செய்த முதல் காரியம், ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் இருந்த இரண்டு ஓவியப் பாடவேளைகளையும் எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானே செய்தேன். அந்த வகுப்பில் ஒரு பையன். ஏரிக் களிமண்ணைக் கால்சட்டைப் பையில் உருட்டி வைத்துக்கொண்டு, பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் மாடும் மனிதருமாகப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அவன் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். அது நான் தான். மூக்குக் கண்ணாடி உட்பட. வகுப்பு சிரித்தது. நான் அதை அமுக்கி உருட்டிச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவ்வாண்டுத் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்பது உண்மை. அந்தப் பையன் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை என்பதும் உண்மை. எங்கே போனான் என்று வீடு தேடிச் சென்று விசாரிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

கிருஷ்ண ரெட்டி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் நியூயார்க்கில் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர்தான் அந்நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ஹேட்டர், கிருஷ்ண ரெட்டி, சரீனா ஹாஷ்மி ஆகிய மூவரின் படைப்புகளை ஒருங்கே வைத்துக் காட்சி நடத்தியது. சரீனா அலிகாரில் பிறந்தவர். அவரும் பாரிஸ் கூடத்தில் பயின்றவர். ஆசிரியர், அவரிடம் பயின்று ஆசிரியரானவர், அவர்கள் கூடத்து மாணவி என்று மூன்று தலைமுறையை ஒரே அறையில் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் அந்த வித்தை வேரூன்றியிருக்கிறது. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் வட்டார மையத்தில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது. சென்னைக்குப் போகும் மாணவர்கள் கேட்டறிந்து பார்த்துவரலாம்.

ஓய்வு பெற்றபின் எனக்கு ஓர் ஆசை. இத்தனையும் படித்தோமே, செய்து பார்த்தால் என்ன என்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் திண்ணையில் கூட்டினேன். செப்புத் தகட்டுக்கு எங்கே போவது? கெட்டி அட்டையை மேலுக்கு மேல் ஒட்டி மூன்று மட்டம் ஆக்கி வார்னிஷ் பூசிக் காயவைத்தோம். காஞ்சிபுரத்து அச்சகத்தில் மையும் பழைய உருளை ஒன்றும் கொடுத்தார்கள். மென்மையான உருளைக்குப் பூரிக் கட்டையில் சைக்கிள் டியூபைச் சுற்றினோம். முதல் நாள் எல்லாம் ஒரே சேறு. கெட்டி மையை முதலில் பூசிவிட்டேன். பாடம் எடுத்தவனே வரிசையை மறந்துவிட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தான், ‘ஐயா, எண்ணெய் மை முதல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?’ என்றாள். மறுநாள் வரிசையை மாற்றினோம். தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து மெல்ல உரித்தபோது, மேட்டில் மஞ்சளும் பள்ளத்தில் நீலமும் தனித்தனியே நின்றன. ஓரங்களில் கொஞ்சம் பச்சையாகக் குழம்பியிருந்தது, பரவாயில்லை.

பிள்ளைகள் தாளைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் தாளைப் பார்க்கவில்லை. மை படிந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதன் மேடு பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் மை. அவள் அம்மாவுக்கு நான் தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.